ஆறரை இஞ்ச் போர்

அக்கா, இன்று காலையில் எங்கள் பண்ணையில் மூன்றாவது ஷெட்டுக்குப் புதிதாகக் கட்டியிருந்த படுதாவில் உங்கள் முகம் இருந்தது.

சாரல் கூண்டுக்குள் அடிக்கிறது, கோழித் தீவனம் நனைகிறது, பழைய ஃப்ளெக்ஸ் ஏதாவது வாங்கிவந்து மறைப்புக் கட்டுங்கள் என்று நேற்றுதான் ஆட்களிடம் சொல்லியிருந்தேன். நாமக்கல்லில் பழைய ஃப்ளெக்ஸ் விற்பதற்கென்றே கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், சாவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி விற்கிறார்கள். முட்டை எடுக்கிற நேரத்துக்குப் போய்ப் பார்க்கிறேன், கோழிகளுக்கு மேலே நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தலைக்குமேல் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருக்கிறது.

உங்கள் பெரிய மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு துப்பாக்கி. எந்த நாட்டுத் துப்பாக்கியோ, கம்ப்யூட்டரில் கிடைத்ததை எடுத்து ஒட்டியிருக்கிறான் அந்த டிசைன் போட்டவன். முழங்கை நீளம் இருக்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு தீ கிளம்புகிறது பாருங்கள், முட்டை அட்டை அகலத்துக்கு, ஆரஞ்சும் மஞ்சளுமாக, உங்கள் காதோரம் வரைக்கும். நீங்கள் சுட்டது பாயிண்ட் டூ டூ பிஸ்டல். அதில் ஏது அக்கா இவ்வளவு தீ? பட்டப்பகலில் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அதன் வாயில் ஒன்றும் தெரியாதே!

அந்த ஃப்ளெக்ஸில் உங்கள் பெயரும் இல்லை. மாமாவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, ‘அன்னாரின் துணைவியார், எங்கள் கிளப்பின் வீரமங்கை’ என்று எழுதியிருக்கிறது. கீழே ரைஃபிள் கிளப் செயலாளரின் படம், கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை. அவர் படம் உங்கள் படத்தைவிடப் பெரியது. செத்தது யார் என்று வெளியூர்க்காரனுக்குக் குழப்பம்தான் வரும்.

“இதெ அவுத்து எறிங்க,” என்று கத்தினேன். ஷெட் ஆள் பயந்துவிட்டான். “நல்ல கனமான ஷீட்டுங்கம்மா. ரெண்டு மழைக்குத் தாங்குமுங்க,” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? சரி, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருந்து இதைப் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். “இந்தத் தீயில பத்துப் பேருக்குச் சோறாக்கிப் போடலாமே சாமி,” என்றிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குணம் எனக்கு இல்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.

இன்றைக்குப் பார்த்து எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தேர்தல் முடிந்துவிட்டது, லைசென்ஸ்காரர்கள் அதற்காக ஒப்படைத்த துப்பாக்கிகளை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபோன் செய்திருந்தார்கள். கொடுக்கும்போது நீங்களும் நானும் சேர்ந்து போனோம். வாங்குவதற்கு நான் மட்டும் போகவேண்டும். அதுவரை பொழுது போகவில்லை. உங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தேன்.

நாம் சந்தித்ததே ஒரு சர்டிபிகேட்டுக்காகத்தான். மாமனார் படுத்த படுக்கையான பிறகு அவருடைய டபுள் பேரல் துப்பாக்கி லைசென்ஸை என் பெயருக்கு மாற்றவேண்டியிருந்தது. பண்ணை ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது, வீட்டுக்காரர் பாதி நாள் முட்டை லாரியோடு கேரளாவில் கிடக்கிறார். உங்களுக்கு மாமா வைத்திருந்த ரிவால்வர். போர் போடுகிற ரிக் வண்டிகளோடு சத்தீஸ்கர் வரைக்கும் போய் வந்த மனிதர், ஆந்திராவில் ரோட்டு விபத்தில் போய்விட்டார். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கிவந்தால்தான் நம் பெயருக்கு லைசென்ஸ் என்றார்கள். கரட்டுக் குன்றின் அடியில் தகரக் கொட்டகை, எதிரே ஆளுயரத்துக்கு மேல் கொட்டிவைத்த மண்மேடு, நடுவில் வெயில். அதுதான் கிளப். நாற்பது ஆண்களுக்கு நடுவில் பெண்கள் நாம் இரண்டு பேரும், செயலாளரின் மருமகளும்.

பயிற்சி கொடுத்த பழைய மிலிட்டரிக்காரர் முதல் நாள் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். “உங்க வெப்பன் என்ன போர்?”

துப்பாக்கிக் குழாயின் துளை அளவைத்தான் போர் என்கிறார்கள். நான் மாமனார் சொல்லிக் கேட்டிருந்ததால், “பன்னெண்டு போருங்க,” என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். முன்பின் தெரியாத பொம்பளை. முகமெல்லாம் இரக்கம்.

“பன்னெண்டு போர் போட்டுமா கண்ணு தண்ணி வரல?” என்று குசுகுசுவென்று கேட்டீர்கள்.

எனக்கு விளங்குவதற்குள் அவர் உங்களிடம் வந்துவிட்டார். நீங்கள் எழுந்து நின்று, கணீரென்று சொன்னீர்கள். “ஆறரை இஞ்சுங்க. எங்க வண்டி எல்லாமே ஆறரைதானுங்க. தோட்டத்துல கெடக்கறது மட்டும் பழைய நாலரை.”

கொட்டகை அதிர்ந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர் என்றால் பூமியில் போடுகிற துளைதான், வேறென்ன? அந்தச் சிரித்த நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் முதலில் ஞாபகம் வந்திருக்கும். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த செயலாளர், லாரிக்குப் பாடி கட்டுகிற பெரிய பட்டறைக்குச் சொந்தக்காரர், திரும்பிப் பார்த்து, “ஏனுங்கம்மா, ஆறரை இஞ்சுன்னா அது பீரங்கிங்க! போர்ல எத்தன வகை இருக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க,” என்றார். மறுபடி சிரிப்பு. நானாக இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “அப்பச் சொல்லிக் குடுங்க, கத்துக்கறோம்,” என்று உட்கார்ந்தீர்கள்.

அன்றிலிருந்து கிளப்பில் உங்களுக்கு ‘ஆறரை இஞ்ச்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நீங்கள் அதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டீர்கள். கறுப்பு வட்டத்தின் நடுவில் குண்டு விழுந்தால், “ஆறரை இஞ்சுல தண்ணி வந்துருச்சுங்கோ!” என்று கூவுவீர்கள். ஒன்பது எம்.எம். துப்பாக்கி பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, அது தடை செய்யப்பட்ட போர் என்று மிலிட்டரிக்காரர் பாடம் எடுத்த அன்றைக்கு, “எங்க வட்டாரத்துலயுந்தானுங்க போர் போடத் தடை. நிலத்தடித் தண்ணி இல்லீன்னு,” என்றீர்கள். அவரே சிரித்துவிட்டார்.

அளவுக் கணக்கு உங்களுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பாயிண்ட் டூ டூவைவிட பாயிண்ட் த்ரீ டூ பெரியது, சரி. ஆனால் என் மாமனாரின் பன்னிரண்டு போரைவிட இருபது போர் சிறியது என்றதும் நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. “நம்ம பக்கம் ஆறரைன்னா ஆறரைதான், டேப் வெச்சு அளந்துக்கலாம். இவங்க எண்ணு ஏறுனா ஓட்டை சின்னதாவுதுங்கறாங்க. இது எந்த ஊரு நாயம் சாமி?”

ஆனால் கை அப்படி நிற்கும் உங்களுக்கு. கிளப்பில் நல்ல பாயிண்ட் டூ டூ பிஸ்டல் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டு உருப்படி. அதை நீட்டிக்கொண்டு நீங்கள் நின்றால், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி நிற்பீர்கள். நான் மூச்சைப் பிடித்தால் கை ஆடும், விட்டால் தோள் ஆடும். நான் அங்கே போனது சர்டிபிகேட்டுக்கு. சர்டிபிகேட் வந்த பிறகும் போனது உங்களோடு பேசிக்கொண்டு வருவதற்கு. நீங்கள் போனது சுடுவதற்கு.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மாமாவின் ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தோம். அதுவரை வெயிலில்தான் சுட்டிருக்கிறோம், தீ என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. நீங்கள் விசையை இழுத்ததும் அதன் வாயிலிருந்து ஒரு தீ பூத்தது. உருளைக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த சந்திலிருந்தும் பக்கவாட்டில் பிசிறியது. “அய்யோ அக்கா!” என்று நான் பின்னால் நகர்ந்தேன். நீங்களும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினீர்கள். கண்ணை மூடினாலும் பச்சையாக ஒன்று மிதந்தது, குறி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மிலிட்டரிக்காரர் விளக்கினார். பிஸ்டலில் குழாய் நீளம், தோட்டாவின் மருந்தும் கொஞ்சம். எல்லாம் உள்ளேயே எரிந்து குண்டைத் தள்ளிவிடும். ரிவால்வரில் குழாய் குட்டை, மருந்து அதிகம். எரிந்து முடிவதற்குள் குண்டு போய்விடும், மிச்ச மருந்து வெளியே வந்து எரியும், அதுதான் அந்தத் தீ. திரும்பி வரும்போது என் காரில் சொன்னீர்கள்: “ரிக்குல வெறும் போர் ஓட்டறப்பப் பாத்திருக்கறயா கண்ணு? ஊரையே மறைக்கற மாதிரிப் புழுதி கெளம்பும். கூட்டம் அதத்தான் வாயப் பொளந்துட்டுப் பாக்கும். தண்ணி வந்துச்சுன்னா புழுதி அடங்கிரும். அந்த மாதிரித்தான் இந்தத் தீயும். குண்டுக்கு ஒதவாத மருந்து.”

அதே காரில்தான் இன்னொரு நாள் அதையும் சொன்னீர்கள். பைபாஸில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தோம். கிளப்பில் சுடுவதற்கு முன்னால் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி வரிசைக்குக் கூப்பிடுவார்கள் அல்லவா, அதைப் பற்றிப் பேச்சு வந்தது.

“பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்புட்டதுக்குப் பொறவு இங்கதான் சாமி எம்பேர நான் காதுல கேக்கறேன். அவரு இருந்தவரைக்கும் ‘இந்தா’ம்பாரு. பசங்களுக்கு அம்மா. ஊருக்கு ரிக் வண்டிக்காரரு சம்சாரம். ஆறரை இஞ்சுன்னு சிரிக்கறாங்களே, அதுவுங்கூட எனக்குன்னு வெச்ச பேருதானே.” அப்புறம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். “மாநிலப் போட்டியில மைக்குல கூப்புடுவாங்களாமா. பேரு, ஊரு எல்லாஞ் சொல்லி. ஒருக்கா அப்பிடிக் கூப்புட்டுக் கேக்கோணும். ஜெயிக்கறது கெடக்குது போ.”

இவ்வளவுதான் கேட்டீர்கள். நகை கேட்டீர்களா, தோட்டம் கேட்டீர்களா? மைக்கில் ஒரு பெயர்.

கிளப்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று போன வருஷம் கடிதம் வந்தது. நீங்களா, செயலாளரின் மருமகளா என்று தேர்வு வைத்தார்கள். நான் போட்டியிலேயே இல்லை, நீங்கள் சுடுவதைப் பார்க்கத்தான் வந்தேன். இருவரும் அந்த ஒரே பிஸ்டலில் ஒருவர் பின் ஒருவராகச் சுடவேண்டும். காலை வெயிலில் அந்தப் பெண் சுட்டு முடித்தது. சுமாராகத்தான் சுட்டது. உங்கள் முறை வந்ததும் செயலாளர் பிஸ்டலைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “அட, பின்னு உடைஞ்சு போச்சுங்களே,” என்றார். தோட்டாவைத் தட்டுகிற அந்தச் சின்னக் கம்பி. சேலத்திலிருந்து மெக்கானிக் வருகிறார், உட்காருங்கள் என்றார்கள். மத்தியானம் ஆயிற்று. நான் கொண்டுபோன அவித்த முட்டையைப் பிட்டுக் கொடுத்தேன், நீங்கள் பாதிதான் தின்றீர்கள். மெக்கானிக் இதோ வருகிறார், அதோ வருகிறார். பொழுது கரட்டுக்குப் பின்னால் இறங்கியது.

அப்புறம்தான் செயலாளர் வந்து சொன்னார். “இன்னைக்கே பேரு அனுப்போணுங்க. உங்க ரிவால்வர் கையில இருக்குதல்லங்க, அதுலயே சுட்டுருங்க.”

மிலிட்டரிக்காரர் பாவம், மெதுவாக வாயைத் திறந்தார். “சார், அது வேற போருங்க சார். சாயங்காலத்துல தீ...”

“எந்த போரா இருந்தா என்னங்க? துப்பாக்கி துப்பாக்கிதானுங்களே,” என்றார் அந்த மனிதர்.

அக்கா, எனக்கு அங்கேயே தலைக்கு ஏறிவிட்டது. போரில் வகை தெரியவில்லை என்று உங்களை நாற்பது பேருக்கு முன்னால் கேலி செய்தது இதே வாய்தானே! நான் முன்னால் போனேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினீர்கள். கடைசி வரிசையைக் கொடுத்தார்கள், புளியமர நிழல் விழுகிற இடம். நீங்கள் போய் நின்றீர்கள். சுட்டீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் அந்தத் தீ பூத்தது. அது அடங்கிக் கண் தெளிவதற்குள் அடுத்ததைச் சுடு என்று விசில். கை ஆடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணுக்குக் குறி தெரியவில்லை, கை என்ன செய்யும்? தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். குண்டுகள் கறுப்பு வட்டத்தைச் சுற்றி மேயப்போன ஆடுகள் போலச் சிதறிக் கிடந்தன. செயலாளர் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி, “அடுத்த வருஷம் பாக்கலாங்கம்மா,” என்றார். நீங்கள் அந்த மருமகளிடம் போய்க் கையைப் பிடித்து, “நல்லபடியாப் போயிட்டு வா சாமி,” என்றீர்கள். மனதாரச் சொன்னீர்கள், அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. போனது, முதல் சுற்றிலேயே திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பிஸ்டலில் செயலாளரின் கூட்டாளி ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். பின்னை மாற்றியாயிற்றா என்று மிலிட்டரிக்காரரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “நான் எதையும் மாத்தலீங்கம்மா,” என்றார். எனக்குப் போதுமே. காரில் ஏறியதும் உங்களிடம் கொட்டினேன். பின்னு உடையவே இல்லைக்கா, உங்களை ஏமாத்திட்டாங்க்கா, வாங்க போய்க் கேப்போம் என்றேன். நீங்கள் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“தெரியும் கண்ணு. அவரு கையில வாங்கிப் பாத்தாரல்ல, அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா போய் நின்னீங்க?”

“கேட்டனா என்னாவும்? அடுத்த வாரத்துல இருந்து லைன்ல நிக்க உடமாட்டாங்க. அங்கதான் சாமி எம்பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. அதையும் போக்கிக்கட்டுமா?”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். உங்களைத் திட்டினேன். மானம் இல்லையா என்று கேட்டேன், பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை, அக்கா. அப்படித்தான் இருந்தது. அவர்கள் திருடியதை அவர்கள் கையாலேயே கிள்ளிக் கொடுக்க, நீங்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சத்தம் போட்டிருந்தால் நான் கூட நின்றிருப்பேன். “உடு சாமி,” என்றீர்கள். அந்த ‘உடு சாமி’யைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நான் கிளப்புக்குள் காலை வைக்கவில்லை. உங்களைக் கேட்டில் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே உங்கள் பெயரைக் கூப்பிடுவது வேலிக்கு இந்தப்பக்கம் கேட்கும். பிறகு வரிசையாக வெடி. அதில் உங்களுடையது எது என்று எனக்குத் தெரியும். நிதானமாக, ஒரே இடைவெளியில், தயிர் கடைகிற மாதிரி வரும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். என் டபுள் பேரலைப் பார்த்து, “பன்னெண்டு போர், இன்னும் தண்ணி வரலியாக்கும்?” என்று என் விலாவில் இடித்தீர்கள். அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன். அடுத்த வருஷத் தேர்வைப் பகலில் வைக்கச் சொல்லி இப்போதே சொல்லி வைக்கவேண்டும் என்று வேறு சொன்னீர்கள். ஓட்டுப் போடுகிற நாள்வரைகூட நீங்கள் இருக்கவில்லை. காலையில் மார் வலிக்கிறது என்றீர்களாம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் சின்ன மகன் ஃபோனில் அழுதபோது நான் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் கிளப்பில் படத்திறப்பு வைத்தார்கள். ரோட்டிலிருந்தே இந்த ஃப்ளெக்ஸ்தான் வரவேற்றது. கட்சி ஃப்ளெக்ஸ்களையெல்லாம் தேர்தலுக்காகக் கழற்றியிருந்ததால் ஊரிலேயே நீங்கள் ஒருத்திதான் பளிச்சென்று தெரிந்தீர்கள். செயலாளர் பேசினார். நாங்கள் கண்டெடுத்த மாணிக்கம் என்றார். அம்மையார் கையில் துப்பாக்கி நெருப்பைக் கக்கியது என்றார். கைதட்டினார்கள். கக்கியதே, யாரால் கக்கியது?

நான் எழுந்துவிட்டேன். “பிஸ்டல்ல பின்னு எப்பங்க உடைஞ்சுது?” என்று கேட்டேன்.

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு எல்லாரையும் பார்த்து, “ரொம்ப நெருங்கிப் பழகுனவங்க. துக்கந் தாங்க முடியலீங்க,” என்றார். உங்கள் சின்ன மகனே வந்து என் தோளைப் பிடித்து, “சித்தி, இன்னைக்கு வேண்டாமுங் சித்தி,” என்று வெளியே கூட்டிவந்தான். மிலிட்டரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்வி பைத்தியக்காரியின் கேள்வியாகிப் போனது. அவ்வளவுதான் நான் உங்களுக்குச் செய்ய முடிந்தது.

இன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் துப்பாக்கி வாங்க வந்த விவசாயிகள் கூட்டம். தேர்தல் பந்தோபஸ்துக்கு வாங்கிய கை மைக் ஏட்டிடம் இருந்தது. கரகரவென்று அதில் பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிடுவார். போனவரிடம் என்ன போர் என்று கேட்டுத் துப்பாக்கியில் கட்டியிருக்கும் அட்டையோடு ஒத்துப்பார்த்துக் கொடுப்பார். நான் என்னுடையதை வாங்கி உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

உங்கள் பெயர்.

மாமா பெயர் இல்லை, துணைவியார் இல்லை. உங்கள் பெயரும் உங்கள் ஊரும். யாரும் எழவில்லை. வெளியே ரோட்டில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னும் சத்தமாக மறுபடி கூப்பிட்டார். உங்கள் மகன்களுக்கு ஏற்கெனவே ஃபோன் செய்திருந்தேன். “அதெல்லாம் இனி நமக்கெதுக்குங் சித்தி, ஸ்டேஷன்லயே கெடக்கட்டும்,” என்றுவிட்டான் பெரியவன்.

“அவங்க இல்லீங்க. தவறிட்டாங்க,” என்று நான்தான் சொன்னேன்.

ஏட்டு மைக்கை இறக்கினார். முகம் கொஞ்சம் இளகியது. “அடடா. தெரிஞ்சவங்களாங்கம்மா?” என்றார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, எல்லாரையும் கேட்ட பழக்கத்தில் என்னையும் கேட்டார். “அவங்களுது என்ன போருங்க?”

பாயிண்ட் த்ரீ டூ என்று எனக்குத் தெரியாதா? வாயில் வந்தது வேறு.

“ஆறரை இஞ்சுங்க.”

மரத்தடியில் சிரிப்பு வெடித்தது. “ஏனுங்கம்மா, அது தண்ணி போருங்க!” என்றார் ஒரு பெரியவர். முதல் நாள் கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்கு நீங்கள் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் துப்பாக்கி உறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஏட்டு உங்கள் ரிவால்வரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். படுதாவை அவிழ்க்கவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, கோழி நனைந்துவிடும். அந்தத் தீயை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். துப்பாக்கியையும் வெட்டினேன். செயலாளரை அப்படியே விட்டிருக்கிறேன், அவர் கோழி எச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். வெட்டிய இடத்தில் கொஞ்சம் சாரல் அடிக்கும். அடிக்கட்டும்.

நீங்கள் கோபப்படாமலே போய்விட்டீர்கள், அக்கா. ஒரு சொட்டுக்கூடச் செலவழிக்கவில்லை. அதை முழுக்க நான்தான் வைத்திருக்கிறேன். ‘உடு சாமி’ என்று இன்னொரு முறை வந்து சொன்னாலும் விடமாட்டேன். ஆனால் ஒன்று உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கூப்பிட்டார்கள் அக்கா. பேரு, ஊரு எல்லாம் சொல்லி, மைக்கில்தான் கூப்பிட்டார்கள்.